நாலு கஞ்சாச் செடி, இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி: சிற்றுண்ணியோ, தத்தியோ?

ஸ்காபரோ_வளவு | ஜூலை 9, இரவு 9:40
எல்லாருக்கும் வணக்கம். விக்டோரியா டே கழிய, மே கடைசியில பின்வளவில நாலு கஞ்சாக் கண்டு வச்சனான். ரெண்டு விதையில முளைக்க வச்சது. மற்ற ரெண்டும் கூட்டாளி ஒருத்தன் வீட்டுக்குள்ள லைட்டுக்குக் கீழ வளர்த்த தாய்ச்செடியில வெட்டி வேர் பிடிக்க வச்சுத் தந்தது. முதுகு நோவில ராவில நித்திரை இல்லை, கடையில வாங்கிற காசுக்கு நாங்களே வளர்ப்பம் எண்டு துவங்கினது.

இப்ப இடுப்பளவு நிக்குது. போன கிழமையில இருந்து கீழ் இலைகளில ஊசியால குத்தின மாதிரி வெள்ளைப் புள்ளி. செங்கல் சுவர் பக்கம் நிக்கிற ரெண்டிலயும்தான். வீட்டில அப்பா இருக்கிறார். யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனில முப்பது வருசம் புகையிலையும் வெங்காயமும் செய்தவர். "சாம்பலைத் தூவு" எண்டுறார். நான் வேப்பெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்திட்டன். அடிக்கலாமோ?

நெறியாளர் | ஜூலை 9, இரவு 10:05
இழை ஓடத் துவங்கு முன் ஒரு வார்த்தை. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம். ஆளுக்கு நாலு இல்லை, வீட்டுக்கு நாலு. ஒன்ராரியோவில் 19 வயது ஆகியிருக்க வேண்டும். வாடகை வீடு, கொண்டோ (அடுக்குமாடி வீடு) என்றால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். இந்தியாவில் இருந்தும் இலங்கையில் இருந்தும் வாசிப்பவர்கள் இங்குள்ளதை அங்கே செய்து பார்க்க வேண்டாம். அங்கே இது குற்றம். அது பற்றிய கேள்விகளை அழித்துவிடுவேன்.

நாலுசெடிக்காரன் | ஜூலை 9, இரவு 10:20
வேப்பெண்ணெய்தான், யோசிக்கவே வேணாம். 2019ல இருந்து பிராம்ப்டன்ல வளர்க்கிறேன். வாரம் ஒரு தடவை அடி, எந்தப் பூச்சியும் கிட்ட வராது.

மொன்றியல்_குளிர் | ஜூலை 9, இரவு 11:02
நீங்கள் புள்ளி பாத்துக் கவலைப்படுறீங்கள், எங்களுக்குச் செடி பாக்கவே குடுப்பினை இல்லை. கியூபெக்கில வீட்டில ஒரு கண்டும் வைக்கேலாது. 2023ல உச்ச நீதிமன்றமும் மாகாணத்தின்ர தடை செல்லும் எண்டு சொல்லிப்போட்டுது. நான் தக்காளிக்காக இந்த இழையைப் பாக்கிறன்.

லீமிங்டன்_குடில் | ஜூலை 10, காலை 6:15
செல்லம் எந்த மருந்துன்னு கேட்கறதுக்கு முன்னாடி எந்தப் பூச்சின்னு பார்க்கணும். நான் இங்க வெள்ளரி, குடைமிளகாய் பசுமைக்குடில்ல பூச்சி கண்காணிக்கிற வேலைல இருக்கேன். நாள் முழுக்க இலையைத் திருப்பிப் பார்க்கறதுதான் பொழைப்பு. அதனால சொல்றேன், எண்ணெய் பாட்டிலை மூடி வைங்க.

வெள்ளைப் புள்ளி போடறவங்க இந்த ஊர்ல மூணு பேர். சிலந்திப்பேன், இலைப்பேன், தத்துப்பூச்சி. மூணும் இலைச்சாறை உறிஞ்சுது, ஆனா கையெழுத்து வேற வேற.

சிலந்திப்பேன் போடற புள்ளி ரொம்பப் பொடிசா, மணலைத் தூவின மாதிரி இருக்கும். இலைப்பேன் சுரண்டிக் குடிக்குது, அதனால புள்ளியா இல்லாம வெள்ளி மாதிரி மினுக்கற கோடா, திட்டா இருக்கும். அதுக்கு மேலேயே கரும்புள்ளியா அதோட எச்சம் கிடக்கும். தத்துப்பூச்சி போடற புள்ளி கொஞ்சம் பெருசு, நரம்பு ஓரமா வரும். செடியை ஆட்டினா பறக்கும், குஞ்சுங்க நண்டு மாதிரி பக்கவாட்டுல ஓடும்.

செய்ய வேண்டியது ஒண்ணுதான். ஒரு வெள்ளைத் தாளைக் கீழ பிடிச்சு இலையை நாலு தட்டு தட்டுங்க. விழுந்தது நகருதான்னு பாருங்க. டொலர் கடைல பத்து மடங்கு பெரிசாக் காட்டற வில்லை கிடைக்கும், அதை வாங்கி இலைக்கு அடிப்பக்கம் பாருங்க. படம் போடுங்க.

லீமிங்டன்_குடில் | ஜூலை 10, காலை 6:18
மன்னிக்கணும், முதல் வரியில "செல்லம்" ஃபோன் தானா போட்டது. "தம்பி"ன்னு அடிச்சேன்.

ஏஜாக்ஸ்_அக்கா | ஜூலை 10, காலை 8:30
செல்லமாவே இருக்கட்டும் தம்பி, ஆர் வேண்டாமெண்டது 😄
ஒரு சொல் விளக்கம்: லீமிங்டன் தம்பி சிலந்திப்பேன் எண்டுறது எங்கட ஊர் விவசாயப் பகுதிக்காரர் சொல்லுற சிற்றுண்ணி. இலைப்பேன் எண்டுறது பனிப்பூச்சி. அவை அசுவினி எண்டுறது எங்கட அழுக்கணவன். போன வருசம் இதில ஒரு இழையில ரெண்டு நாள் சண்டை பிடிச்சுப்போட்டு கடைசியில ஒரே பூச்சியைத்தான் கதைச்சிருக்கினம்.

ஸ்காபரோ_வளவு | ஜூலை 10, இரவு 8:55
தட்டிப் பாத்தன் அண்ணை. தாளில மிளகுத்தூள் மாதிரி விழுந்துது, ஒரு நிமிசம் கழிச்சு மிளகுத்தூள் நடக்குது! வில்லையால பாக்க வெளிறின உடம்பு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கறுப்புப் பொட்டு. பக்கத்தில கண்ணாடி மணி மாதிரி உருண்டை உருண்டையா முட்டை. ஒரு இலையில நூல் மாதிரி மெல்லிசா வலையும் கிடக்கு. அப்பாவும் பாத்தார், பாத்துப்போட்டு வில்லையைத் திருப்பித் தரேல்லை. இப்ப வீட்டில இருக்கிற ரோசா, கறிவேப்பிலை எல்லாத்தையும் பாத்துக்கொண்டு திரியிறார்.

இன்னொண்டு. விதைக்கண்டு ரெண்டிலயும் இது இல்லை. சுவரோரம் நிக்கிற வெட்டுக்கண்டு ரெண்டிலயும்தான். அதில ஒண்டில இலைக்குக் கீழ வேறயும் ஏதோ அப்பிக்கொண்டிருக்கு. வெளிர் மஞ்சள், மெத்தெண்ட உடம்பு, பின்பக்கம் ரெண்டு சின்னக் குழாய் மாதிரி. கீழ் இலையில வெள்ளை வெள்ளையாச் சட்டை கழட்டின மாதிரித் தோலும் கிடக்கு. அங்க முதலை மாதிரி கறுப்பில செம்மஞ்சள் புள்ளி வச்ச ஒரு பூச்சி, பாக்கவே பயம். ஒரு பதினைஞ்சு இருக்கும், அதை மட்டும் நசுக்கிப்போட்டன்.

லீமிங்டன்_குடில் | ஜூலை 10, இரவு 9:20
ஐயோ தம்பி. அந்த முதலைதான் பொறிவண்டோட புழு. லேடிபக். அசுவினியைத் தின்ன வந்த ஆள். ஒரு புழு வளர்ந்து கூட்டுப்புழு ஆகறதுக்குள்ள நூத்துக்கணக்குல அசுவினி தின்னும். வளர்ந்த வண்டு சிவப்பா அழகா இருக்கறதால யாரும் கொல்ல மாட்டாங்க, பிள்ளையைத்தான் எல்லாரும் நசுக்கறாங்க.

ஏஜாக்ஸ்_அக்கா | ஜூலை 10, இரவு 9:31
நானும் முதல் வருசம் செய்தது அதுதான். மனம் நோகாதேங்கோ.

ஸ்காபரோ_வளவு | ஜூலை 10, இரவு 9:33
😞 அப்பா சொன்னவர், "கொல்ல முன்னம் என்ன தின்னுது எண்டு பார்" எண்டு. கேக்கேல்லை.

லீமிங்டன்_குடில் | ஜூலை 11, காலை 6:00
சரி, இப்ப ரெண்டு எதிரியும் தெரிஞ்சுது. ரெட்டைப்புள்ளி சிலந்திப்பேன், கூடவே கஞ்சா அசுவினி.

அசுவினியைப் பத்தி ஒரு விஷயம். அவரைல ஏறற கறுப்பு அசுவினி இது இல்ல. கஞ்சா அசுவினின்னே ஒரு இனம், இந்தச் செடியை விட்டா வேற எதுலயும் குடும்பம் நடத்தாது. வட அமெரிக்காவுல 2016 வாக்குலதான் இது இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அப்படின்னா அவரை மாதிரி வேற பயிர்ல இருந்து வரலை. உங்க கூட்டாளி குடுத்த வெட்டுக்கன்னுல ஏறி வந்திருக்கு, சிலந்திப்பேனும் அதுலதான் வந்திருக்கும்னு நினைக்கிறேன். வீட்டுக்குள்ள வருஷம் முழுக்க லைட், குளிர் கிடையாது, எதிரி கிடையாது. அதுங்களுக்கு அதுதான் சொர்க்கம். அடுத்த வருஷம் வெட்டுக்கன்னு வாங்கினா ரெண்டு வாரம் தனியா வச்சு, வில்லையால பார்த்துட்டு அப்புறம் மண்ணுல வைங்க.

சிலந்திப்பேனுக்கு சூடும் வறட்சியும் தூசியும் பிடிக்கும். செங்கல் சுவர் ஓரம், பக்கத்துல டிரைவ்வே, ஜூலை வெயில். வேற என்ன வேணும். முப்பது டிகிரி சூட்டுல முட்டைல இருந்து முட்டை போடற பருவத்துக்கு வர ஒரு வாரம் போதும். இதை மனசுல வைங்க, ஏன்னா எல்லா வைத்தியமும் இந்தக் கணக்குலதான் நிக்குது. இன்னிக்கு அடிச்சா நடமாடறது சாகும், முட்டை சாகாது. நாலு நாள்ல அது பொரிக்கும். அதனால ஒரே ஒரு தடவை பலமா அடிக்கிறவன் தோத்துப்போவான். நாலு நாளைக்கு ஒரு தடவைன்னு மூணு நாலு தடவை மெதுவா அடிக்கிறவன் ஜெயிப்பான்.

முதல்ல புள்ளி அதிகமா உள்ள கீழ் இலைகளைக் கிள்ளி பையில கட்டிப் போடுங்க. காலைல ஹோஸ்ல அடிப்பக்கமா தண்ணியைப் பீச்சி அடிங்க. பாதி அசுவினி அதுலயே போயிடும், ஏறி வரத் தெரியாது. அப்புறம் சாயந்திரம், வெயில் இறங்கினதும், பூச்சிக்கொல்லி சோப்பு. லேபிள்ல சொன்ன அளவு. இலைக்கு அடியில நனையணும். நனையாத பூச்சிக்கு ஒண்ணும் ஆகாது, காய்ஞ்ச பிறகு அந்தச் சோப்புக்கு எந்தச் சக்தியும் இல்ல.

நாலுசெடிக்காரன் | ஜூலை 11, காலை 9:12
அதுக்குப் பாத்திரம் கழுவுற சோப்பையே ரெண்டு சொட்டு விட்டா போதுமே, எதுக்கு பத்து டொலர்?

லீமிங்டன்_குடில் | ஜூலை 11, பகல் 12:40
பாத்திரம் கழுவறது பெரும்பாலும் சோப்பே கிடையாதுங்க, டிடர்ஜெண்ட். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கறதுக்குன்னே செஞ்சது. இலைமேல இருக்கற மெழுகையும் எடுத்துடும், ஓரம் கருகும். பூச்சிக்கொல்லி சோப்புங்கறது கொழுப்பு அமிலத்தோட பொட்டாசிய உப்பு. ஊர்ல நம்ம ஆளுங்க மருந்து ஒட்டணும்னு காதி சோப்பு கரைச்சு விடுவாங்களே, அது இதுக்குக் கிட்டத்துல வரும்.

வேப்பெண்ணெய் விஷயத்துக்கும் வரேன், கோவிச்சுக்காதீங்க. நான் கோயம்புத்தூர்ல வேளாண்மை படிச்சவன். அஞ்சு கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்சு, ராத்திரி ஊறவச்சு, வடிகட்டி, நூறு லிட்டராக்கி அடிக்கறதை எங்க கையால செஞ்சிருக்கோம். வேம்பை குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா இங்க கடைல கிடைக்கற இந்த வேப்பெண்ணெய் பூச்சிக்கொல்லியா பதிவானது இல்ல. கடைல இலை பளபளக்கன்னு லேபிள் ஒட்டி விக்கறாங்க. அந்த பாட்டில்ல வேலை செய்யற சரக்கு எவ்வளவு இருக்குன்னு லேபிள்ல எழுத வேண்டிய அவசியமே இல்ல. நம்ம வேம்புல இருந்து எடுத்த மருந்தை இங்க ஆஷ் மரத்தைத் துளைக்கற வண்டுக்கு மரத்தண்டுல ஊசி போடறாங்க, அது பதிவான சரக்கு. இது வேற.

அதைவிட முக்கியம், இது புகைக்கற செடி. கத்தரிக்காயைக் கழுவி வேகவச்சுத் தின்னுடலாம். பூவுல படிஞ்ச எண்ணெய் எங்கயும் போகாது, நெருப்புல எரிஞ்சு நேரா நெஞ்சுக்குப் போகும்.

கோயம்புத்தூர்_மாடி | ஜூலை 11, பிற்பகல் 2:15
என் மாடித்தோட்டத்துல மிளகாய்க்கு இமிடாகுளோப்ரிட் ஒரு தடவை ஊத்தினேன், அசுவினி காணாமப் போச்சு. இதுக்கும் அது ஆகாதா?

லீமிங்டன்_குடில் | ஜூலை 11, மாலை 6:02
ஆகாது. வேர் வழியா ஏறி செடி முழுக்கப் போற மருந்து, கழுவ முடியாது. சிலந்திப்பேனுக்கு அது வேலையும் செய்யாது. அது பூச்சி இல்ல, எட்டுக்கால், சிலந்தி வகையறா. அந்த மருந்தடிச்ச செடிகள்ல சிலந்திப்பேன் கூடிப்போனதையும் பார்த்திருக்காங்க. ஒன்ராரியோவுல 2009ல இருந்து வீட்டுத் தோட்டத்துல இந்த மாதிரி மருந்துங்களுக்குத் தடையும் இருக்கு.

ஸ்காபரோ_வளவு | ஜூலை 11, இரவு 10:10
அப்பா இன்னொரு யோசனை சொல்லுறார்: புகையிலையை ஊறவச்சு அந்தச் சாறு. ஊரில அடிச்சவையாம். நான் வேண்டாம் எண்டு சொல்ல ஒரு காரணம் தாங்கோ, வெறுமனே சொன்னா அந்தாள் கேக்காது.

லீமிங்டன்_குடில் | ஜூலை 12, காலை 6:10
ஐயாகிட்ட என் வணக்கத்தைச் சொல்லுங்க. வேலை செய்யும், அதான் பிரச்சனையே. நிக்கோட்டின் கொடிய விஷம், தோல் வழியாவே உடம்புல ஏறும். ஐயா ஊர்ல பனி ஈரத்தோட புகையிலை ஒடிச்சு தலை சுத்தி வாந்தி எடுத்தவங்களைப் பார்த்திருப்பார், கேளுங்க. அதே சரக்குதான். போதாததுக்கு புகையிலை மொசைக் வைரஸ் அந்தச் சாறுல இருந்து தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஒட்டும்.

ஸ்காபரோ_வளவு | ஜூலை 12, இரவு 9:00
கேட்டன். "ஓம், தலை சுத்தும், சத்தி வரும். காலமை வெள்ளன முறிக்க வேண்டாம் எண்டு அதுக்குத்தான் சொல்லுறது" எண்டார். பிறகு சத்தமில்லாமல் ஹோஸைத் தூக்கிக்கொண்டு போயிட்டார். இனி ஹோஸ் அவற்ற பொறுப்பு.

ஏஜாக்ஸ்_அக்கா | ஜூலை 15, காலை 7:45
இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். எங்கட பக்கம் ஜப்பான் வண்டு வந்திட்டுது. பச்சைத் தலை, செப்பு முதுகு, வடிவான வண்டு. என்ர திராட்சை இலையைச் சல்லடையா ஆக்கிப்போட்டுது, மூலையில நிக்கிற மகன்ர கஞ்சாவிலயும் நாலஞ்சு இருக்கு. பொறி ஒண்டு விக்கினமே, வாங்கவோ?

நாலுசெடிக்காரன் | ஜூலை 15, காலை 9:30
வாங்காதீங்க அக்கா. இது என் சொந்த அனுபவம். பொறில இருக்கற வாசனை தெருவுல இருக்கற வண்டை எல்லாம் உங்க வீட்டுக்கு அழைப்பு வச்சுக் கூப்பிடும். பாதி பொறில விழும், மீதி உங்க திராட்சைல பந்தி. காலைல குளிரா இருக்கறப்போ அதுங்களுக்குச் சுறுசுறுப்பு இருக்காது. சோப்புத் தண்ணி வாளியைக் கீழ பிடிச்சுத் தட்டிவிட்டா பொத்துன்னு விழும். பத்து நிமிஷ வேலை.

லீமிங்டன்_குடில் | ஜூலை 15, பகல் 12:30
நூத்துக்கு நூறு. கஞ்சாவுல நாலஞ்சு வண்டு ஒண்ணும் பண்ணாது, திராட்சையைப் பாருங்க.

ஸ்காபரோ_வளவு | ஜூலை 26, இரவு 8:40
கணக்கு: சோப்பு நாலு தரம் அடிச்சாச்சு. காலமையில அப்பாவின்ர ஹோஸ். அழுக்கணவன் முக்கால்வாசி இல்லை. எறும்பும் ஏறிறதை விட்டிட்டுது, தேன் மாதிரிப் பிசுபிசுப்பு இல்லைத்தானே இனி. சிற்றுண்ணி ஒரு செடியில நிண்டிட்டுது. சுவரோரம் கடைசியா நிக்கிறதில மட்டும் நுனி இலை வரை ஏறுது. இந்தக் கிழமை முப்பத்தி மூண்டு டிகிரி.

லீமிங்டன்_குடில் | ஜூலை 27, காலை 6:20
அந்த ஒரு செடிக்கு ஆளை வச்சு ஆளை அடிக்கலாம். நாங்க குடில்ல செய்யறது அதுதான். பைட்டோசீயுலஸ் பெர்சிமிலிஸ்னு செம்மஞ்சள் நிறத்துல ஒரு பேன், சிலந்திப்பேனை மட்டும்தான் தின்னும். குப்பில அடைச்சு விக்கறாங்க, தபால்ல வரும். ஆனா அதுக்குக் காத்துல ஈரம் வேணும், வறண்டா சோர்ந்துடும். உங்க சுவரோரச் சூட்டுக்கு கலிபோர்னிகஸ்னு இன்னொண்ணு இருக்கு, அது தாங்கும். வேகம் கம்மி, ஆனா இரை குறைஞ்சாலும் மகரந்தம் தின்னு காத்திருக்கும். ரெண்டையும் கலந்து விடுங்க. கடைசி சோப்பு காய்ஞ்சு ஒரு நாள் போகட்டும், விட்ட பிறகு சோப்பு அடிச்சா நம்ம ஆளையும் சேர்த்துக் கொன்னுடுவோம். சாயந்திரம் செடியை நனைச்சுட்டு இலைமேல தூவுங்க.

வில்லைல பார்க்கறப்போ அவசரமா ஓடறது நம்ம ஆள், ஆடாம அசையாம உக்காந்து உறிஞ்சறது எதிரி.

ஸ்காபரோ_வளவு | ஆகஸ்ட் 9, இரவு 9:15
விட்டுப் பத்து நாள். புது இலையில புள்ளி இல்லை. பழைய புள்ளி அப்பிடியே இருக்கு, அது மாறாதாம் எண்டு அப்பா சொல்லுறார் (இப்ப அவர்தான் எனக்கு விளங்கப்படுத்துறது). கணுவில வெள்ளை மயிர் மாதிரிப் பூ துவங்குது.

லீமிங்டன்_குடில் | ஆகஸ்ட் 10, காலை 6:05
ஐயா சொன்னது சரி. செத்த செல் பச்சையாகாது, புது வளர்ச்சியை மட்டும் பார்க்கணும்.

பூ துவங்கியாச்சுன்னா எண்ணெய், சோப்பு எல்லாம் மூட்டை கட்டுங்க. இனிமே வர்றது வேற எதிரி. உங்க பக்கத்துல யாராவது சோளம் போட்டிருக்காங்களா?

ஸ்காபரோ_வளவு | ஆகஸ்ட் 10, காலை 10:00
வேலிக்கு அங்கால போர்த்துக்கீசக் கிழவர் ரெண்டு வரிசை சோளம் வச்சிருக்கிறார். ஏன்?

லீமிங்டன்_குடில் | ஆகஸ்ட் 10, இரவு 9:50
ஊர்ல பருத்தி, துவரை, தக்காளில துளை போடற பச்சைக் காய்ப்புழு தெரியும்ல? அதுக்கு இங்க ஒரு பங்காளி இருக்கு, சோளக்கதிர்ப் புழு. ஒன்ராரியோ குளிரை அதால தாங்க முடியாது. ஒவ்வொரு கோடையும் தெற்குல அமெரிக்காவுல இருந்து காத்தோட அந்துப்பூச்சியா வந்து சேருது. வந்ததும் முதல்ல தேடறது பச்சையா இருக்கற சோளப் பட்டுநூல், அதுலதான் முட்டை வைக்கும். கிழவரோட சோளத்துல பட்டு பச்சையா இருக்கற வரைக்கும் உங்களுக்கு அது காவல். ஆகஸ்ட் கடைசில பட்டு காய்ஞ்சு பழுப்பாகும். அப்போ அந்துப்பூச்சிக்கு அடுத்த நல்ல இடம் உங்க பூக்கொத்து.

முட்டை குண்டூசித் தலையை விடச் சின்னது. பொரிச்ச புழு பூக்கொத்துக்குள்ள இறங்கிட்டா வெளிய தெரியவே தெரியாது. அதனால இப்பவே பி.டி.கே. வாங்கி வைங்க. பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் குர்ஸ்டாகி, மண்ணுல இருக்கற பாக்டீரியா. புழு அதைத் தின்னாத்தான் சாகும், மேல பட்டா ஒண்ணும் ஆகாது. பொறிவண்டுக்கும் தேனீக்கும் அதால கெடுதல் இல்ல. ஆனா வெயில்ல ரெண்டு மூணு நாள்ல வீரியம் போயிடும், பெரிய புழுவுக்கும் உறைக்காது. சாயந்திரம் லேசா, வாரம் ஒரு தடவை, பட்டு காயத் துவங்கின நாள்ல இருந்து. அறுக்கறதுக்கு முன்னாடி எத்தனை நாள் விடணும்னு லேபிளைப் பாருங்க.

மொன்றியல்_குளிர் | ஆகஸ்ட் 11, காலை 7:30
தக்காளிக்காக வந்தனான் எண்டு சொன்னனானே. என்ர தக்காளியில சுட்டுவிரல் மொத்தத்தில பச்சைப்புழு, வாலில கொம்பு, முதுகு முழுக்க அரிசி ஒட்டின மாதிரி வெள்ளையா. பி.டி.கே. அடிக்கவோ?

லீமிங்டன்_குடில் | ஆகஸ்ட் 11, பகல் 12:35
தொடாதீங்க! அந்த அரிசி குளவியோட கூடு. புழு ஏற்கனவே செத்த கணக்கு, இனிமே தின்னாது. அதுல இருந்து வர்ற குளவி மத்த புழுவைப் பார்த்துக்கும். ஊர்ல கரும்புக்கு டிரைக்கோகிரம்மாங்கற குட்டிக் குளவியோட அட்டை கட்டுவோமே, அதே ஜாதி வேலை. அது முட்டையிலயே கொல்லும், இது புழுவுல.

நாலுசெடிக்காரன் | செப்டம்பர் 8, இரவு 7:20
இந்த வருஷம் என் செடில ஒரு பூச்சி இல்ல, இலை எல்லாம் பளபளன்னு இருக்கு. வேப்பெண்ணெய் அடிச்சதாலதான். நேத்து வரை அடிச்சேன். ஆனா பூக்கொத்துல நடுவுல ஒரு சின்ன இலை மட்டும் மஞ்சளாகி நிக்குது. சத்துக் குறைவா?

லீமிங்டன்_குடில் | செப்டம்பர் 8, இரவு 7:31
அந்த இலையை மெதுவா இழுங்க. கையோட வருதா?

நாலுசெடிக்காரன் | செப்டம்பர் 8, இரவு 7:44
வந்துது. அடியில கறுப்பா கடுகு கடுகா ஏதோ இருக்கு.

லீமிங்டன்_குடில் | செப்டம்பர் 8, இரவு 7:47
புழுவோட எச்சம். கொத்தை விரலால பிரிச்சுப் பாருங்க. பச்சையா, பழுப்பா, ரோஸா கூட இருக்கும், ஒரே புழுவுல பல நிறம் உண்டு. இப்பவே பாருங்க, இருட்டறதுக்குள்ள.

நாலுசெடிக்காரன் | செப்டம்பர் 8, இரவு 8:30
ஒண்ணு இல்ல. பதினொண்ணு. ஒவ்வொரு பெரிய கொத்துலயும் ஒண்ணு. ரெண்டு கொத்துல உள்ள சாம்பல் நிறத்துல பஞ்சு மாதிரி பூஞ்சை பிடிச்சிருக்கு. அஞ்சு வருஷத்துல இப்படி இல்ல.

லீமிங்டன்_குடில் | செப்டம்பர் 8, இரவு 9:05
புழு தின்னு விட்ட இடம் ஈரமா அழுகும், ராத்திரிப் பனி சேரும், சாம்பல் பூஞ்சாணம் ஏறும். தின்னது கால் பங்குன்னா அழுகறது முக்கால் பங்கு. ஒவ்வொரு கொத்துலயும் ஒண்ணே ஒண்ணு இருக்கறதுக்கும் காரணம் உண்டு, இந்தப் புழுங்க ஒண்ணை ஒண்ணு தின்னுடும்.

பூஞ்சை பிடிச்ச இடத்துக்குக் கீழ ரெண்டு விரல் அகலம் நல்ல திசுவையும் சேர்த்து வெட்டுங்க. வெட்டறதுக்கு முன்னாடி பைய மேல போத்திட்டு வெட்டுங்க, பொடி பறந்து அடுத்த கொத்துல விழும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிய ஆல்கஹால்ல துடைங்க. வெட்டினதைக் காய வச்சுப் பார்க்கலாம்னு நினைக்காதீங்க, நேரா குப்பை. நெஞ்சுக்குள்ள போற பொருள்.

நாலுசெடிக்காரன் | செப்டம்பர் 8, இரவு 9:40
சரி. பக்கத்து வீட்டம்மா ரோஜாவுக்கு அடிக்கற பூஞ்சாணக்கொல்லி தரேன்னாங்க, மிச்சத்துக்கு அதை அடிக்கட்டுமா?

லீமிங்டன்_குடில் | செப்டம்பர் 8, இரவு 9:43
அடிக்கவே கூடாது. ரோஜா, திராட்சை மருந்துகள்ல மைக்லோபுட்டானில்னு ஒண்ணு வரும். அதைச் சூடாக்கினா ஹைட்ரஜன் சயனைடுங்கற விஷவாயு வரும். இந்த நாட்டுல 2016, 2017 வாக்குல உரிமம் வாங்கின கம்பெனிகளோட கஞ்சாவுலயே அது இருந்து சரக்கைத் திரும்ப வாங்கினாங்க. கடைசில எண்ணெய் அடிச்ச கொத்தையும் பத்தி யோசிங்க. முகர்ந்து பாருங்க, வேப்பெண்ணெய் வாசம் வருதா?

நாலுசெடிக்காரன் | செப்டம்பர் 9, காலை 7:00
வருது. நான் தூக்கிப் போடறேன், விடுங்க.

ஏஜாக்ஸ்_அக்கா | செப்டம்பர் 9, காலை 8:10
தம்பி, மனம் விடாதேங்கோ. மற்றச் செடியள் ரெண்டு மூண்டு கிழமை நிக்கும்தானே.

ஸ்காபரோ_வளவு | செப்டம்பர் 14, இரவு 8:00
எங்கட கணக்கு: ஆகஸ்ட் 25 அளவில கிழவரின்ர சோளப்பட்டு கறுத்துது. அண்டைக்கே பி.டி.கே. துவங்கினனான், மூண்டு தரம் அடிச்சாச்சு. அப்பா ஒவ்வொரு நாளும் காலமை கொத்துக் கொத்தாப் பாக்கிறார். இதுவரை ரெண்டு புழு, ரெண்டும் அரை அங்குலத்துக்குள்ள. ஒரு தண்டில துளையும் மரத்தூளும் கண்டனாங்கள், அது வேற புழுவோ?

லீமிங்டன்_குடில் | செப்டம்பர் 15, காலை 6:30
அது ஐரோப்பிய சோளத் துளைப்பான். தண்டுக்குள்ள போயிட்டா மருந்து எட்டாது. துளைக்குக் கீழ குச்சி கட்டித் தாங்கு குடுங்க, காத்துல ஒடியாம நின்னா அந்தக் கிளை பிழைக்கும். அறுத்த பிறகு தண்டை தோட்டத்துலயே விட்டுடாதீங்க. அந்தப் புழு குளிர்காலம் முழுக்க அதுக்குள்ளேயே தூங்கும். இலையுதிர் காலத்துல கஞ்சா அசுவினியும் செடிமேலதான் முட்டை வைக்கும். அடியோட வெட்டி, சருகையும் கூட்டி அப்புறப்படுத்துங்க. அடுத்த ஜூலையோட பாதி வேலை அதுல முடிஞ்சிடும்.

ஸ்காபரோ_வளவு | அக்டோபர் 6, இரவு 9:25
போன சனி அறுத்தாச்சு. நாலில மூண்டு நல்ல விளைச்சல். சுவரோரம் நிண்டது கொஞ்சம் மெலிவு. கொத்துகளை வாளித் தண்ணியில ஹைட்ரஜன் பெராக்சைட் கொஞ்சம் விட்டு முக்கி, பிறகு ரெண்டு தரம் வெறும் தண்ணியில அலசி, மின்விசிறிக் காத்தில தொங்கவிட்டனான். முதல் வாளித் தண்ணியைப் பாத்தா இனி ஒருத்தரும் கழுவாமல் விடமாட்டினம். தூசி, அழுக்கணவன்ர தோல், செத்த கொசு, ஒரு சிலந்தி.

லீமிங்டன்_குடில் | அக்டோபர் 7, காலை 6:10
நல்லது. கழுவறது மேல இருக்கறதுக்குத்தான், உள்ள பூஞ்சை இருந்தா அது கழுவிப் போகாது. காயறப்போ தினமும் ரெண்டு கொத்தைப் பிரிச்சுப் பாருங்க.

ஸ்காபரோ_வளவு | அக்டோபர் 14, இரவு 8:50
பாத்தாச்சு, சுத்தம். தண்டு, வேர், சருகு எல்லாம் பையில கட்டிப் போயிட்டுது. அந்த இடத்தில அப்பா உள்ளி (பூண்டு) ஊண்டிப்போட்டார், நூற்றிமுப்பது பல்லு. வில்லை இன்னும் அவரிட்டத்தான். அவர் கேக்கச் சொன்னவர்: இந்த நாட்டில உள்ளிக்கு என்ன பூச்சி வரும்?

லீமிங்டன்_குடில் | அக்டோபர் 15, காலை 6:00
லீக் அந்துப்பூச்சின்னு ஒண்ணு இருக்கு. 1993ல ஒட்டாவா பக்கம் முதல்ல கண்டாங்க, இப்ப பரவிட்டுது. வசந்தத்துல இலை மேல ஜன்னல் மாதிரி வெளிறின திட்டு தெரியும். ஐயாவுக்குன்னு தனி இழை திறங்க, ஏப்ரல்ல வலை போர்த்தறதைப் பத்தி அங்க எழுதறேன்.